வண்ண மீன் தொட்டிக்கு மிரட்டாத வெளிச்சம்

விழுப்புரத்தை அடுத்து, பம்பையாற்றங்கரையில் அமைந்த ஊர் திருவாமாத்தூர். நெல்லும் கரும்பும் மணிலாவும் விளையும் வட்டாரம் இது. இத்தகைய ஊர்களில், கிணற்று நீரும் வீட்டுக் கொல்லையில் சிறிது இடமும் உள்ள சிறு விவசாயிகளுக்கு அலங்கார மீன் வளர்ப்பு நல்லதோர் உபதொழிலாகும். வண்ண மீன் வியாபாரத்துக்குப் பேர்போன சென்னை கொளத்தூர், விழுப்புரத்திலிருந்து சுமார் 160 கிலோ மீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. 2020-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பிரதம மந்திரி மீன்வளத் திட்டத்தில், புறக்கடை அலங்கார மீன் வளர்ப்புக்கும் மானியம் சேர்க்கப்பட்டது.

தண்ணீர், தீனி, காற்று ஆகியவற்றில் கவனம் செலுத்தும் பலர், விளக்கைப் பற்றி நினைப்பதில்லை. காலையில் தொட்டிக்கு வெளியே தரையில் மீன் செத்துக் கிடந்தால், பூனையின் மேல் பழி போடுகிறார்கள். உடலில் வெண்புள்ளி கண்டால் தண்ணீரைக் குறை கூறுகிறார்கள். திடீர் வெளிச்சமும் இதற்குக் காரணமாக இருக்கலாம்.

மீன் ஏன் மிரளுகிறது?

மீனுக்குக் கண் இமை கிடையாது. வெளிச்சம் கூடினால் நமது கண்ணின் பாவை உடனே சுருங்கிக்கொள்ளும். பெரும்பாலான வளர்ப்பு மீன்களின் பாவை அவ்வாறு சட்டென்று சுருங்குவதில்லை. விழித்திரையில் உள்ள நிறமிகளும் பார்வைச் செல்களும் மெல்ல இடம் மாறித்தான் இருட்டுக்கோ வெளிச்சத்துக்கோ பழக வேண்டும். இதற்கு இருபது நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும்.

இருட்டில் அசையாமல் ஓய்வெடுக்கும் மீனின் மேல் முழு வெளிச்சம் விழுந்தால், பகைவன் வந்துவிட்டதாக எண்ணி அது பாய்ந்து ஓடும். கண்ணாடியில் மோதி மூக்கும் செதிலும் அடிபடும். மூடியில்லாத தொட்டியாயின் துள்ளி வெளியே விழும். வாள்வால், மோலி, கௌராமி, சண்டை மீன் ஆகியவை இவ்வாறு துள்ளக் கூடியவை. தினந்தோறும் மிரண்டால் தீனி எடுப்பது குறையும். நோய் எதிர்ப்புச் சக்தியும் குன்றும். வெண்புள்ளி நோய் பற்றுவதற்கு இதுவும் வழி செய்கிறது. முட்டையைக் காத்து நிற்கும் தேவதை மீன் இணை, மிரண்டால் தன் முட்டையைத் தானே தின்றுவிடுவதும் உண்டு.

மூன்று மாதம் தீனி போட்டு வளர்த்த மீன் விற்பனைக்கு முந்தின நாள் செத்தால், மீனின் விலையோடு தீனிக்குச் செலவிட்ட பணமும் போயிற்று.

விளக்குப் போடும் முறை

1. பொழுது நன்றாக விடிந்து, கொட்டகைக்குள் இயற்கை வெளிச்சம் பரவிய பிறகு தொட்டி விளக்கைப் போடுவது எல்லாவற்றிலும் சிறந்தது. செலவும் இல்லை.

2. இருட்டில் போட வேண்டியிருந்தால், முதலில் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்த சீரோ வாட் பல்பு ஒன்றை மட்டும் போடவும். அரை மணி நேரம் கழித்துத் தொட்டி விளக்கைப் போடலாம்.

3. இரவில் அணைக்கும்போது தொட்டி விளக்கை முதலில் அணைத்து, அரை மணி கழித்துச் சிறு பல்பை அணைக்க வேண்டும். திடீர் இருட்டும் மீனை மிரட்டும்.

4. நாளொன்றுக்கு 10 முதல் 12 மணி நேர வெளிச்சம் போதும். அதற்கு மேல் போனால் பாசி பிடிக்கும். வெளிச்சமே இல்லாமலும் வைக்கக் கூடாது. நெடுநாள் இருட்டில் இருந்தால் பொன்மீனின் நிறம் மங்கும்.

5. மின்சாரம் நின்றவுடன் தொட்டி விளக்கின் சுவிட்சை அணைத்துவிடவும். இல்லையேல் நடு இரவில் மின்சாரம் திரும்பும்போது எல்லா விளக்கும் ஒருசேர எரியும். ஆனால் காற்று மோட்டாருக்குத் தனிச் சுவிட்சு இருக்க வேண்டும். அதை அணைக்கக் கூடாது.

6. இரவில் பார்வையிட நேர்ந்தால், டார்ச் விளக்கை நேரே தொட்டியில் அடிக்காமல் தரையில் அடித்துப் பார்க்கவும். சிவப்புக் காகிதம் சுற்றினால் மீனுக்குத் தெரியாது என்று நம்ப வேண்டாம். பொன்மீனுக்குச் சிவப்பும் தெரியும்.

தொட்டிக்கு வலை மூடியும், ஒளிந்துகொள்ள நீர்ச் செடிகளும் அவசியம். வெட்ட வெளியில் உள்ள சிமெண்டுத் தொட்டிக்கு நிழல் வலை அல்லது தென்னங்கீற்று போதும். ஈரக் கையால் சுவிட்சைத் தொடலாகாது. மின்கசிவுத் தடுப்பான் பொருத்துவது உயிருக்குப் பாதுகாப்பு.

வாங்கி வந்த மீனை விடுதல்

பையில் அடைத்த மீனைச் சாக்கு அல்லது கறுப்புத் துணி போர்த்திக் கொண்டுவரவும். தொட்டி விளக்கை அணைத்துவிட்டு, பையைத் தண்ணீரில் கால் மணி நேரம் மிதக்கவிடவும். பிறகு தொட்டித் தண்ணீரைப் பைக்குள் சிறிது சிறிதாகக் கலந்து மீனை விடவும். அன்று முழுவதும் விளக்குப் போடாதிருப்பது நலம்.

கண்டறிவது எப்படி?

விளக்குப் போட்ட முதல் ஐந்து நிமிடம் தொட்டியருகே நின்று கவனிக்கவும். மீன்கள் மூலைக்கு ஓடி ஒடுங்கினாலோ, கண்ணாடியில் மோதினாலோ வெளிச்சத்தில்தான் கோளாறு. எந்நேரமும் மேல் மட்டத்தில் வாய் பிளந்து நின்றால் காற்றுக் குறைவு அல்லது தண்ணீர்க் கேடு. அதற்கு வைத்தியம் வேறு. நியான் டெட்ரா போன்றவை விளக்குப் போட்டவுடன் வெளுத்துத் தோன்றும். அது நோயன்று, இரவில் மங்கிய நிறம் சற்று நேரத்தில் திரும்பிவிடும். அவசரப்பட்டு மருந்து ஊற்ற வேண்டாம்.

ஒரு சிறு பல்பும் அரை மணி நேரப் பொறுமையும் இருந்தால் பெருமளவு நட்டத்தைத் தவிர்க்கலாம். புதிதாகத் தொடங்குவோர் இரண்டு தொட்டிகளுடன் ஆரம்பித்து, அனுபவம் கண்டபின் பெருக்குவது நன்று. பயிற்சி பற்றியும் மானியம் பற்றியும் விழுப்புரம் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டு அறியலாம்.