கம்ப்யூட்டர் கடிகாரம் தவறாக ஓடுகிறதா?

கம்ப்யூட்டர் திரையின் மூலையில் தவறான நேரம் தெரிந்தால், அதைத் திருத்திவிட்டு வேலையைத் தொடர்கிறோம். மறுநாள் பார்த்தால் மீண்டும் தவறாக இருக்கிறது. இதைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். பாதுகாப்பான இணைய தளங்களின் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. உங்கள் கம்ப்யூட்டரின் தேதி இவற்றுக்கு வெளியே இருந்தால், வங்கித் தளத்தைத் திறக்கும்போது பிரவுசர் எச்சரித்துத் தடுத்துவிடும்.

நேரம் எவ்வளவு தவறுகிறது என்று கவனியுங்கள். காரணம் தெரிந்துவிடும்.

1. தேதி பல ஆண்டுகள் பின்னால் போகிறதா?

மதர்போர்டில் உள்ள சிறிய வட்ட பேட்டரி தீர்ந்திருக்கலாம். கம்ப்யூட்டருக்கு மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது இதுதான். பிளக் சுவிட்சை இரவில் அணைக்கும் வீடுகளில் இந்தக் கோளாறு உடனே தெரியும். சுவிட்ச் போட்டே இருந்தால், கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்த பிறகும் மதர்போர்டுக்குச் சிறிதளவு மின்சாரம் கிடைப்பதால் கோளாறு மறைந்திருக்கும்.

உறுதி செய்ய, சுவிட்சைச் சில மணி நேரம் அணைத்து வையுங்கள். பின் கம்ப்யூட்டரை இயக்கியவுடன் டெலீட் அல்லது எஃப்2 கீயை அழுத்தி பயாஸ் செட்டப்பில் நேரத்தைப் பாருங்கள். அங்கேயே தவறு என்றால் பேட்டரியை மாற்ற வேண்டும். பெரும்பாலான டெஸ்க்டாப்களில் இருப்பது சிஆர்2032 என்ற 3 வோல்ட் பேட்டரி. பிளக்கைக் கழற்றிய பிறகே கேபினட்டைத் திறக்கவும். பிளஸ் குறியுள்ள பக்கம் பழைய பேட்டரியில் இருந்தபடியே இருக்கட்டும். பிறகு பயாஸில் தேதியையும் நேரத்தையும் அமையுங்கள். லேப்டாப் என்றால் சர்வீஸ் சென்டரில் கொடுப்பது நல்லது.

2. சரியாக ஐந்தரை மணி நேரம் தவறுகிறதா?

பேட்டரியை மாற்றிப் பயனில்லை. விண்டோஸில் டைம் ஸோன் 'சென்னை, கொல்கத்தா, மும்பை, நியூடெல்லி' என்று உள்ளதா எனப் பாருங்கள். அது சரியாக இருந்து, லினக்ஸும் அதே கம்ப்யூட்டரில் இருந்தால், காரணம் வேறு. மதர்போர்டு கடிகாரத்தில் லினக்ஸ் பொதுவாக உலகப் பொது நேரத்தை எழுதும். விண்டோஸ் அதை உள்ளூர் நேரமாகப் படிக்கும். உள்ளூர் நேரத்தையே எழுதும்படி லினக்ஸை அமைத்துவிடுங்கள்.

3. சில நிமிடங்கள் மட்டும் தவறுகிறதா?

கவலை வேண்டாம். விண்டோஸ் 10, 11-ல் செட்டிங்ஸ் சென்று, டைம் அண்ட் லாங்குவேஜ், டேட் அண்ட் டைம் பகுதியில் 'சிங்க் நவ்' பட்டனை கிளிக் செய்யுங்கள். 'செட் டைம் ஆட்டோமேட்டிக்கலி' ஆன் நிலையிலேயே இருக்கட்டும். தேதி வெகுவாகத் தவறியிருந்தால் இந்த வசதி செயல்படாமல் போகலாம். முதலில் தேதியை நீங்களே திருத்திவிட்டுப் பிறகு முயலுங்கள்.