கடைசி ஆளின் வேகம்

அன்புள்ள செல்வாவுக்கு,

பொங்கல் விடுமுறையில் நண்பர்கள் ஆறு பேர் லாடபுரத்தில் தொடங்கிப் பச்சைமலை ஏறி இறங்கி, மறுநாள் காரை வழியாகச் சாத்தனூர் வரை ஓடப்போவதாக எழுதியிருந்தாய். நல்ல திட்டம், மாதமும் பொருத்தமானது. ஆனால் "அவரவர் வேகத்தில் ஓடி மேலே போய்ச் சேர்ந்துகொள்வோம்" என்ற வரியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. மலையில் கூட்டாக ஓடும்போது கடைசியில் வருபவனின் வேகம்தான் எல்லோருக்கும் வேகமாக இருக்க வேண்டும்.

காரணம் உடம்பிலேயே இருக்கிறது. ஓடும்போது தசைகளில் பிறக்கும் சூட்டைப் பெரும்பாலும் வியர்வைதான் ஆவியாகி வெளியேற்றுகிறது. அது ஈடுகொடுக்க முடியாமல் உட்சூடு மிக ஏறினால் புத்தி கலங்கும். அந்த நிலையில் இருப்பவன் "எனக்கு ஒன்றுமில்லை, நீங்கள் போங்கள்" என்றுதான் சொல்வான். பேச்சு குழறுவதும் நடை தள்ளாடுவதும் கூட வருபவன் கண்ணுக்குத்தான் தெரியும். தை மாதம் என்றாலும் காரையின் களிமண் பள்ளங்களில் பத்து மணிக்கு மேல் ஒதுங்க நிழல் கிடையாது. இறக்கத்தின் கணக்கு வேறு. தொடைத் தசை நீண்டபடியே உடல் எடையைத் தாங்குவதால் அதன் இழைகள் நுண்ணிய அளவில் சிதைகின்றன. வலி அன்றைக்குத் தெரியாது, ஓரிரு நாள் கழித்தே உச்சத்துக்கு வரும். சனிக்கிழமை பச்சைமலையில் விரட்டி இறங்கியவனுக்கு ஞாயிற்றுக்கிழமை சிறு ஓடைக்கரையில் இறங்குவதுகூடப் பாடாகிவிடும்.

"நாங்கள் பயிற்சி உள்ளவர்கள்" என்பாய். 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த 100 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில் 172 பேர் கலந்துகொண்டார்கள். திடீரென ஆலங்கட்டியும் உறைமழையும் கடுங்காற்றும் தாக்கியதில் 21 பேர் இறந்தார்கள். அந்நாட்டின் முன்னணி நெடுந்தூர ஓட்டக்காரர் லியாங் ஜிங்கும் அவர்களில் ஒருவர். ஆறு பேரைத் தன் குகையில் தங்கவைத்து உயிர்பிழைக்கச் செய்தவர் ஓர் ஆடு மேய்ப்பவர். பச்சைமலையில் உறைபனி இல்லைதான். நான் சொல்ல வருவது வேறு: மலையில் காலின் பலத்தைவிட, பக்கத்தில் ஆள் இருப்பதும் அந்த இடம் தெரிந்த ஒருவர் இருப்பதும் பெரிது. நம் நாட்டிலேயே 2018 மார்ச் 11 அன்று தேனி குரங்கணியில் காய்ந்த புல்லில் பரவிய தீ மலையேறப் போன 20-க்கும் மேற்பட்ட இளைஞர்களைப் பலிகொண்டது. தங்கள் ஊரை நன்றாக அறிந்த மலையாளிப் பழங்குடி மக்கள் பச்சைமலையில் இருக்கிறார்கள். ஒருவரை ஊதியம் கொடுத்து வழிகாட்டியாக அழைத்துக்கொள்ளுங்கள்.

வேகமாக ஓடுபவனுக்கு இது தண்டனை இல்லையா, காத்து நின்றால் உடல் ஆறிப் பிடித்துக்கொள்ளாதா என்ற கேள்வி நியாயமானது. அவன் நிற்க வேண்டாம். முன்னே ஓடட்டும், கடைசி ஆள் கண்ணிலிருந்து மறைவதற்குள் திரும்பி அவனிடம் வந்து மறுபடியும் ஏறட்டும். அவனுக்குக் கூடுதல் ஏற்றம் கிடைக்கும், குழுவும் பிரியாது. கைபேசி வரைபடம் போதாதா என்றும் கேட்பாய். அது வழியைக் காட்டும். நண்பன் எந்த நிலையில் இருக்கிறான் என்பதைக் காட்டாது, மலை மடிப்புகளில் சிக்னலும் நம்பத்தக்கதல்ல. தனியாகத் தன் எல்லையைச் சோதிக்க விரும்புபவனுக்கு அது தவறென்று சொல்லமாட்டேன். அதற்குச் சாலையும் மைதானமும் இருக்கின்றன.

சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரத்தைப் பார்க்கும்போது எல்லோரும் சேர்ந்தே நின்று பாருங்கள். ஒருகாலத்தில் கடலாக இருந்த நிலத்தில் புதைந்து கல்லான மரம் அது. காரையில் கிடைக்கும் சிறு புதைபடிவங்களை எடுத்துவர வேண்டாம். பாதையில் காப்புக்காடு குறுக்கிடுகிறதா என்று பெரம்பலூர் வனச்சரக அலுவலகத்தில் இந்த வாரமே கேட்டு அனுமதி வாங்கிவிடு. கிடைத்ததும் எனக்கு எழுது.

அன்புடன்,
பெரியப்பா