90 நாள் எடை குறைப்பு குரூப்ல சேரலாமா? 4-வது மாசத்தை வச்சு கணக்கு போடுங்க

"ஆபீஸ்ல நாலு பேர் சேர்ந்துட்டாங்க, 90 நாள் ப்ரோகிராம், பத்து கிலோ குறையுமாம். நானும் சேரலாமா?" சிவகாசி, சாத்தூர், விருதுநகர் பக்கம் இருந்து இந்தக் கேள்வி அடிக்கடி வருது. உடம்பைப் பத்தி சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனா இது கிட்டத்தட்ட ஒரு மாசச் சம்பளம் சம்பந்தப்பட்ட முடிவு. பணம், ஒப்பந்தம், பில், வரி இந்த நாலும் என்னோட ஏரியா. அதை மட்டும் பார்ப்போம்.

முதல்ல ஒரு விஷயம். தேவை உண்மையானதுதான். 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வுல தமிழ்நாட்டுப் பெண்கள்ல 40.4 சதவீதம் பேர், ஆண்கள்ல 37 சதவீதம் பேர் அதிக எடை அல்லது உடல் பருமன்னு வந்துச்சு. அதுக்கு முந்தைய ஆய்வுல பெண்கள் 30.9, ஆண்கள் 28.2. அஞ்சு வருஷத்துல இவ்வளவு ஏற்றம். காலையில 9 மணிக்கு அச்சகத்துல கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்தா சாயங்காலம்தான் எழுந்திருக்கிறோம், வர்ற வழியில எண்ணெய் பரோட்டா, வீட்டுல சாத்தூர் சேவு டப்பா. இதுல ஆச்சரியப்பட ஒண்ணும் இல்லை. நம்ம ஊர் உடம்புக்கு பிஎம்ஐ 23 தாண்டினாலே அதிக எடை, 25 தாண்டினா பருமன்னு இந்திய மருத்துவர்கள் கணக்கு வச்சிருக்காங்க. 165 செ.மீ. உயரம் இருக்கிறவருக்கு அது முறையே 62.6 கிலோ, 68 கிலோ. நீங்க இந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் இருக்கீங்கன்னு பார்த்துட்டு மேல படிங்க.

குரூப் வேலை செய்யுமா?

செய்யும். ஏன்னு உங்களுக்கே தெரியும், தீபாவளிச் சீட்டு கட்டியிருப்பீங்களே. வங்கியில தனியா சேமிக்கணும்னா மூணாவது மாசம் விட்டுடுவோம். ஆனா தெருவுல ஒரு அக்கா நோட்டோட வந்து நின்னா, கடன் வாங்கியாவது அந்த வாரத்துக்கான காசைக் கொடுத்துடுவோம். நாலு பேர் முன்னாடி நம்ம பேருக்கு நேரா கட்டம் காலியா இருக்கக்கூடாதுங்கிற கூச்சம்தான் காரணம். எடை குறைப்பு குரூப்பும் அதே கூச்சத்துலதான் ஓடுது.

இதைத் தொழிலாக்கினவங்க ஜீன் நிடெட்ச்ங்கிற அமெரிக்க இல்லத்தரசி. 1961ல நியூயார்க்ல தன் வீட்டுக்கு ஆறு தோழிகளைக் கூப்பிட்டு ஆரம்பிச்சாங்க. 1963ல அது வெயிட் வாட்சர்ஸ் கம்பெனி ஆச்சு. அந்தக் குரூப் உண்மையிலேயே எவ்வளவு குறைக்குதுன்னு இங்கிலாந்துல 1,267 பேரை வச்சு ஒரு பெரிய ஆய்வு நடந்து, 2017ல லான்செட் இதழ்ல வந்துச்சு. ஒரு பிரிவுக்கு வெறும் கையேடும் சின்ன அறிவுரையும். இரண்டாவது பிரிவுக்கு 12 வாரம் குரூப். மூணாவது பிரிவுக்கு 52 வாரம் குரூப். ஒரு வருஷம் கழிச்சு சராசரியா குறைஞ்சது: கையேடு 3.26 கிலோ, 12 வாரம் 4.75 கிலோ, 52 வாரம் 6.76 கிலோ.

இங்க ஒரு கணக்கர் எப்படிப் பார்ப்பாருன்னா, விளம்பரத்துல காட்டுறது மொத்த எண், நாம பார்க்க வேண்டியது கூடுதல் எண். கையேடு வாங்கினவங்களுக்கே 3.26 கிலோ குறைஞ்சிருக்கு. அப்போ 12 வார குரூப் தனியா தந்தது ஒன்றரை கிலோ. 52 வாரம் தந்தது மூன்றரை கிலோ. அதே ஆட்களை அஞ்சாவது வருஷம் எடை போட்டுப் பார்த்தாங்க. கையேடு பிரிவுல 0.46 கிலோ, 12 வாரத்துல 1.95 கிலோ, 52 வாரத்துல 2.67 கிலோதான் மிச்சம். அதாவது பெரும்பகுதி திரும்பி வந்துடுச்சு. ஆனா முழுசா வரலை. குரூப்ல இருந்தவங்க இல்லாதவங்களை விட ஒன்றரை, இரண்டு கிலோ கீழேயே நின்னாங்க. நல்ல முறையில நடத்தின குரூப்போட நிஜமான அளவு இதுதான். "90 நாள்ல பத்து கிலோ"ன்னு ஒருத்தர் பேனர் வச்சா, இந்த எண்களை ஞாபகம் வச்சுக்கிட்டு அந்த பேனரைப் படிங்க.

4-வது மாசம்

சிவகாசியில ஒரு அச்சகத்துல டிசைனர், கைக்கு 26,000 ரூபாய் வருதுன்னு வைங்க. ப்ரோகிராம் கட்டணம் 12,000. மாசாமாசம் ஷேக் பவுடர், டீ, மாத்திரைன்னு 5,500. (எடுத்துக்காட்டு எண்கள்தான். உங்க எண்ணை நீங்க போட்டுக்கோங்க.) மூணு மாசத்துக்கு மொத்தம் 28,500. காலை டிபனுக்குப் பதிலா ஷேக் குடிக்கிறதால ஒரு நாளைக்கு 50 ரூபாய் மிச்சம்னு எடுத்தா, 26 வேலை நாளுக்கு 1,300, மூணு மாசத்துக்கு 3,900. கழிச்சுட்டா நிகரச் செலவு 24,600.

எல்லாரும் இந்த 24,600 கட்டுப்படியாகுமான்னுதான் யோசிக்கிறாங்க. கேட்க வேண்டிய கேள்வி அது இல்லை. 91-வது நாள் காலையில நான் என்ன சாப்பிடப் போறேன்? ஷேக் தொடர்ந்தா மாசம் 5,500, அதாவது சம்பளத்துல 21 சதவீதம், முடிவு தேதியே இல்லாம. நிறுத்தினா, மூணு மாசமா நான் பழகினது பவுடரைக் கலக்க மட்டும்தான். நாலு இட்லியை ரெண்டா குறைக்கப் பழகலை. 4-வது மாசத்துக்குப் பதில் இல்லாத ப்ரோகிராம்ல முதல் மூணு மாசக் காசையும் போடாதீங்கன்னுதான் நான் சொல்லுவேன்.

ஒரு விஷயம் மட்டும் நான் சொல்ல மாட்டேன். "இந்த 5,500ஐ எஸ்ஐபியில போட்டா 20 வருஷத்துல இவ்வளவு லட்சம்"னு. நிதி சேனல்கள்ல எல்லாத்துக்கும் இதே பாட்டுதான். உடம்புக்குச் செலவு பண்றதை எஸ்ஐபியோட போட்டி போட வைக்கிறது சரியான ஒப்பீடு இல்லை. 40 வயசுல இருந்து மாசாமாசம் சர்க்கரை மாத்திரை வாங்குறதும் ஒரு எஸ்ஐபி மாதிரிதான், என்ன, பணம் திரும்ப வராது. உடம்புக்குச் செலவு பண்ணுங்க. எதுக்குப் பண்றோம்னு தெரிஞ்சு பண்ணுங்க.

மொத்தமா கட்டினா தள்ளுபடின்னு சொன்னா அவசரப்படாதீங்க. அமெரிக்காவுல மூணு ஜிம்களோட வருகைப் பதிவை வச்சு 2006ல வந்த ஒரு பொருளாதார ஆய்வு இருக்கு. மாசச் சந்தா 70 டாலருக்கு மேல கட்டினவங்க சராசரியா மாசம் 4.3 தடவைதான் போனாங்க. ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல விழுந்துச்சு. 10 தடவைக்கான பாஸ் வாங்கியிருந்தா அங்கேயே தடவைக்கு 10 டாலர்தான் ஆகியிருக்கும்! நாளைக்கு நாம எவ்வளவு ஒழுங்கா இருப்போம்னு இன்னிக்கு நாம போடுற மதிப்பீடு எப்பவுமே கொஞ்சம் தாராளம். அதனால மாசாமாசம் கட்டுங்க. கூடக் கட்டினாலும் பரவாயில்லை. அதேபோல தீபாவளி போனஸ் கையில இருக்கிற வாரத்துல கையெழுத்து போடாதீங்க.

கூப்பிடுறது யாரு?

நம்ம பக்கம் பெரும்பாலும் கூப்பிடுறது கம்பெனி இல்லை. பெரியம்மா பொண்ணு, பழைய ஆபீஸ் அண்ணன், எதிர் வீட்டு அக்கா. அவங்க வீட்டு மாடியிலயே காலையில ஷேக், எடை மெஷின், கைதட்டல். ரெண்டாவது மாசம் மெதுவா வேற பேச்சு வரும்: "நீயும் கோச் ஆகிடு, உன் பவுடர் காசு மிச்சமாகும், மேல வருமானமும் வரும்." அந்த நிமிஷத்துல இருந்து நீங்க வாடிக்கையாளர் இல்லை, விற்பனையாளர்.

இந்த முறையை உலகம் முழுக்கப் பரப்பின ஹெர்பாலைஃப் மேல அமெரிக்க அரசின் எஃப்டிசி அமைப்பு, நிறைய சம்பாதிக்கலாம்னு மக்களை நம்ப வச்சாங்கன்னு குற்றம் சாட்டுச்சு. 2016 ஜூலையில அந்தக் கம்பெனி 20 கோடி டாலர் கட்டவும், அங்க தொழில் முறையை மாத்தவும் ஒத்துக்கிட்டு சமரசம் ஆச்சு. அந்தப் பணம் அடுத்த வருஷம் கிட்டத்தட்ட மூன்றரை லட்சம் பேருக்கு செக்கா போச்சு. இந்தியாவுல நேரடி விற்பனை சட்டப்படி நடக்கலாம், தப்பு இல்லை. 2021 டிசம்பர்ல வந்த நேரடி விற்பனை விதிகள் சில வரம்புகளைப் போட்டிருக்கு. பிரமிட் திட்டமா நடத்தக்கூடாது, சேர நுழைவுக் கட்டணம் வாங்கக்கூடாது, அடையாள அட்டையும் முன் அனுமதியும் இல்லாம விற்பனையாளர் வீட்டுக்கு வரக்கூடாது. "ஐடி எடுக்க இவ்வளவு"ன்னு யாராவது கேட்டா, அந்த இடத்துலயே பேச்சை முடிச்சுக்கலாம்.

அக்காகிட்ட எப்படி முடியாதுன்னு சொல்றதுங்கிறதுதான் பணத்தை விடக் கஷ்டம். எனக்குத் தெரிஞ்சு வேலை செய்யுற ஒரே பதில்: "அக்கா, எடை பார்க்க வாரம் வாரம் வர்றேன், நடக்கவும் வர்றேன். பொருள் வாங்க மாட்டேன், ஆளும் சேர்க்க மாட்டேன்." இதுக்கப்புறமும் சிரிச்ச முகமா வரச் சொன்னா, அந்தக் குரூப் நல்ல குரூப்.

பில் இல்லாம காசு இல்லை

சொந்த நம்பருக்கு ஜிபே பண்ணச் சொன்னா, சென்டர் பேர்ல ரசீது கேளுங்க. ஜிஎஸ்டி சேர்த்து வாங்கினா 15 இலக்க ஜிஎஸ்டி எண் பில்லுல இருக்கணும். பதிவு பண்ணாதவங்க ஜிஎஸ்டி வாங்கவே கூடாது. ஜிம், யோகா, உடல்நலச் சேவைகளுக்கு 2025 செப்டம்பர் 22ல இருந்து வரி 18ல இருந்து 5 சதவீதமா குறைஞ்சிருக்கு. 12,000 கட்டணத்துக்கு அது 2,160ல இருந்து 600. இன்னும் பழைய வரியையே போட்டா 1,560 ரூபாய் உங்க பையில இருந்து சும்மா போகுது. பவுடர் டப்பாவுல 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணைப் பாருங்க. அதே லேபிள்ல 'மருந்தாகப் பயன்படுத்த அல்ல'ங்கிற வரி ஆங்கிலத்துல இருக்கும். சர்க்கரை, தைராய்டு எல்லாம் இதுல சரியாகும்னு யாராவது சொன்னா, அவங்க டப்பாவையே எடுத்துக் காட்டுங்க.

இஎம்ஐ போட்டுத் தர்றாங்கன்னா அது சென்டர் தர்ற சலுகை இல்லை, உங்க பான்ல ஏறுற கடன். ஆப் மூலமா வர்ற கடன்னா முக்கிய விவர அறிக்கை கொடுக்கணும், குறைஞ்சது ஒரு நாளாவது மனசு மாத்திக்க அவகாசம் தரணும்னு ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கு. நீங்க மூணாவது வாரம் போறதை நிறுத்தினாலும் இஎம்ஐ நிக்காது. நிறுத்தினா சிபில் ஸ்கோர் அடி வாங்கும். எடை குறைக்கக் கடன் வேண்டாம். இதுல எனக்கு ரெண்டாவது கருத்து இல்லை. பணத்தைத் திருப்பித் தராம இழுத்தடிச்சா 1915க்கு போன் பண்ணுங்க, அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். அங்க 5 லட்சம் வரைக்கும் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.

காசு இல்லாத குரூப்

2023 நவம்பர்ல அரசு ஆரம்பிச்ச 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்துல எல்லா மாவட்டத்துலயும் 8 கி.மீ. நடைபாதை இருக்கு, நம்ம மாவட்டத்துலயும்தான். சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்க ஆரம்ப சுகாதார நிலையம் போதும். பெரிய சந்தேகம்னா விருதுநகர்ல 2022ல இருந்து அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கு. நியாண்டர் செல்வனோட 'ஆரோக்கியம் & நல்வாழ்வு' முகநூல் குழு பேலியோ உணவு முறையை தமிழ்ல லட்சக்கணக்கான பேருக்குக் கொண்டு போச்சு. சேரக் காசு இல்லை, ஆனா முட்டை, பாதாம், பனீர்னு மளிகை பில் ஏறும். அதையும் கணக்குல எழுதுங்க. நோய்க்கு மாத்திரை சாப்பிடுறவங்க எந்த டயட்டா இருந்தாலும் டாக்டரைக் கேட்காம தொடாதீங்க.

காசு பயம் இருந்தாதான் வேலை நடக்கும்னு நினைக்கிறவங்களுக்கு 2008ல அமெரிக்காவுல 57 பேரை வச்சு செஞ்ச ஒரு சோதனை உதவும். தன் சொந்தப் பணத்தைப் பிணையா வச்சு, இலக்கு அடைஞ்சா திரும்ப வாங்கினவங்க 16 வாரத்துல சராசரியா 14 பவுண்டு, அதாவது ஆறே கால் கிலோ குறைஞ்சாங்க. சும்மா எடை மட்டும் பார்த்தவங்க 3.9 பவுண்டு. ஆபீஸ்ல அஞ்சு பேர் சேர்ந்து ஆளுக்கு 2,000 ரூபாயை நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட கொடுத்து வைங்க. ஞாயிற்றுக்கிழமை நடக்க வந்தா 125 திரும்ப. வராத காசு அநாதை இல்லத்துக்கு. ஜெயிச்சவருக்குன்னு மட்டும் வைக்காதீங்க, அது சூதாட்டம் மாதிரி ஆகிடும், பட்டினி கிடந்து மயங்கி விழுறவரும் வருவாரு. (அந்தச் சோதனையிலயும் நிறுத்தின பிறகு எடை நிறைய திரும்பிடுச்சு. அதனால 16 வாரத்தோட நிறுத்தாம புது சுற்று போடுங்க.)

இதெல்லாம் தாண்டியும் காசு கட்டி சேரணும்னு தோணினா, என் அளவுகோல் இது: படிச்ச உணவியல் நிபுணர் நடத்தணும், பொருள் வாங்கணும்னு கட்டாயம் இருக்கக்கூடாது, மாசக் கட்டணம் கைச்சம்பளத்துல 5 சதவீதத்துக்குள்ள இருக்கணும். 26,000க்கு அது 1,300.

கடைசியா, ஏற்கெனவே 'கோச்' ஆகி கமிஷன் வாங்கினவங்களுக்கு. கட்டின ப்ரோகிராம் காசுக்கு 80டி-யில விலக்கு கிடையாது. பழைய வரி முறையில இருந்தாலும் நோய்த்தடுப்புப் பரிசோதனைக்கு 5,000 வரைக்கும்தான். ஆனா வந்த கமிஷன் வருமானம். ஒரு கம்பெனி வருஷத்துக்கு 20,000க்கு மேல கொடுத்தா 2 சதவீதம் டிடிஎஸ் பிடிச்சு உங்க ஏஐஎஸ்-ல ஏத்திடும். அதுக்குக் கீழ இருந்தாலும் காட்டணும். கமிஷன் தொழில் வருமானம்ங்கிறதால ஐடிஆர்-1 போட முடியாது. 44ஏடி-யும் கமிஷனுக்கு இல்லைங்கிறதால ஐடிஆர்-4ம் இல்லை, ஐடிஆர்-3தான். அதை நிரப்ப ஆடிட்டருக்குக் கொடுக்கிற ஃபீஸ், வந்த கமிஷனை விட அதிகமா இருக்கலாம். அரசு, வங்கி ஊழியர்கள் இந்த வேலையில இறங்குறதுக்கு முன்னாடி நடத்தை விதிகளை எடுத்துப் படிங்க. தனியார்ல இருக்கிறவங்க அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்ல 'வேறு தொழில்'னு இருக்கிற பாராவைப் பாருங்க.