அடுக்களைக் கழிவை எருவாக்குவோம்

நம் பெரியோர் வாழ்ந்த சிற்றூர்களில் அடுக்களைக் கழிவு என்று தனியே ஒரு தொல்லை இருந்ததில்லை. அரிசி களைந்த நீரும் காய்த் தோலும் கழுநீர்ப் பானை வழியாக மாட்டைச் சேர்ந்தன. சருகும் சாம்பலும் சாணமும் கொல்லைப்புறத்து எருக்குழியில் மக்கி, வண்டியேறி வயலுக்குச் சென்றன. வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்து நிலங்கள் இவ்வாறே வளம் பெற்றன. எருவிடுதலின் சிறப்பைத் திருக்குறளின் உழவு அதிகாரமும் எடுத்துரைக்கிறது. ஆல்பர்ட் ஹோவர்ட் என்னும் ஆங்கில வேளாண் அறிஞர் 1924 முதல் 1931 வரை இந்தூரில் தங்கி ஆராய்ந்து, 'இந்தூர் முறை' என்ற பெயரில் உலகறியச் செய்த உரத் தயாரிப்பும் நம் நாட்டு உழவரிடமும் சீன உழவரிடமும் கண்டறிந்த பழைய வழக்கங்களை அடிப்படையாகக் கொண்டதே.

இன்று நம்மில் பலர் நகரங்களில் அடுக்குமாடி வீடுகளில் வாழ்கிறோம். மாடும் இல்லை, எருக்குழியும் இல்லை. காய்த் தோலைப் பிளாஸ்டிக் பையில் முடிந்து தெருவோரத் தொட்டியில் இட்டுவிட்டால் கடமை முடிந்தது என எண்ணுகிறோம். பசியோடு வரும் பசு அதனைப் பையோடு விழுங்குகிறது. பை செரிக்காமல் இரைப்பையில் தங்கி அதன் உயிருக்கே கேடாகிறது. எஞ்சியவை குப்பைக் கிடங்கில் குவிந்து, காற்றுப் புகாமல் அழுகி, எளிதில் தீப்பற்றும் மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன. 2022 ஏப்ரலில் சென்னைப் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு தீப்பற்றிப் பல நாட்கள் புகைந்ததை நாம் அறிவோம். அதனை அடுத்துள்ள பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமோ பல்லாயிரம் பறவைகளின் உறைவிடம். பூச்சி புழு உண்டா என்று பார்த்துப் பார்த்துக் காய் நறுக்கும் நாம், நறுக்கிய பின் எறியும் தோலைப் பற்றியும் எண்ண வேண்டாமா?

இங்கு ஓர் ஐயம் எழும். "கழிவை வீட்டில் மக்க வைத்தால் அதில் உயிர்கள் தோன்றி மடியுமே, அது இம்சை ஆகாதா?" என நம் இல்லத்து மூத்தோர் கேட்பர். நியாயமான கேள்வியே. மக்குதல் என்பதே நுண்ணுயிர்களின் செயல். ஆனால், நாம் செய்யாவிடினும் அது நிகழாமல் நிற்பதில்லை. தெருவிலும் கிடங்கிலும் இன்னும் மிகுதியான உயிர்க்கேட்டோடு நிகழ்கிறது. கழிப்பனவற்றை உயிர்களுக்கு ஊறு நேராத இடம் பார்த்துக் கழிக்குமாறு முனிவர்க்கு உத்சர்க்க சமிதி விதிக்கப்பட்டுள்ளது. இல்லறத்தாராகிய நாம் அந்த விழிப்பின் ஒரு சிறு பகுதியையேனும் மேற்கொள்ளலாம். முற்றும் தவிர்க்க இயலாத இம்சையைக் கவனத்தால் குறைப்பதே நம் கடமை.

செய்முறை

மூடியுள்ள மண்பானைகள் இரண்டினைக் கொள்வோம். அடியிலும் பக்கங்களிலும் விரல் நுழையாத அளவில் சிறு துளைகள் வேண்டும். பானையை இரண்டு செங்கற்களின்மீது நிழலில் வைத்து, கீழே ஒரு தட்டு வைக்க வேண்டும். அடியில் மூன்று விரற்கடை உயரம் தேங்காய் நாரோ சருகோ பரப்பி, பழைய எரு ஒரு பிடி தூவ வேண்டும். எரு கிடைக்காவிடில் புளித்த மோர் சிறிது தெளிக்கலாம்.

அன்றன்று சேரும் காய்த் தோல், கீரைத் தண்டு, பழத்தோல், வாடிய பூ ஆகியவற்றைச் சிறிதாக நறுக்கி இட்டு, உடனே அதே அளவோ இரு மடங்கோ சருகால் மூட வேண்டும். இதுவே இம்முறையின் உயிர்நாடி. பச்சைக் கழிவில் நீரும் தழைச்சத்தும் மிகுதி. சருகில் கரிச்சத்து மிகுதி. தழைச்சத்து ஒரு பங்குக்குக் கரிச்சத்து ஏறத்தாழ 30 பங்கு இருப்பின் நாற்றமின்றி மக்கும்.

வாரம் ஒருமுறை கோலால் மெல்லக் கிளறிக் காற்றுப் புகச் செய்ய வேண்டும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு துளி நீர் கசிவதே சரியான ஈரம். நாறினால் ஈரம் மிகுந்தது எனக் கொண்டு சருகு சேர்க்கவும். எறும்பு மொய்த்தால் பெரும்பாலும் ஈரம் குறைந்ததே காரணம். சிறிது நீர் தெளிக்கவும். புழு தென்பட்டால் மருந்து தெளிப்பதோ வெந்நீர் ஊற்றுவதோ வெயிலில் கொட்டுவதோ கூடாது. சருகால் நன்கு மூடி விட்டுவிட்டால் அவை தம் வாழ்வை முடித்துக்கொண்டு அகலும். முதல் நாளிலிருந்தே மூடிவைத்தால் அவை தோன்றுவதும் அரிது.

சமைத்த உணவு, எண்ணெய், பால், உப்பு ஆகியவற்றை இடலாகாது. அவை எலியையும் ஈயையும் அழைக்கும். அளவறிந்து சமைத்தலே அதற்கு வழி.

முதற்பானை நிறைந்ததும் அதனை மூடிவைத்து, இரண்டாவதனைத் தொடங்கலாம். இரண்டு மூன்று மாதங்களில் உரம் கருமை கலந்த பழுப்பு நிறமாகி, முதல் மழையின் மண்வாசனை வீசும். நிழலில் மெல்லச் சலித்து, மக்காதவற்றையும் அதில் வாழும் சிற்றுயிர்களையும் அடுத்த பானையிலேயே சேர்க்க வேண்டும்.

பயன்

செம்மண், தென்னை நார்த்தூள், இவ்வுரம் மூன்றையும் சம அளவில் கலந்தால் தொட்டிச் செடிக்கு நல்ல மண்ணாகும். பின்னர் மாதம் ஒரு பிடி போதும். இரசாயன உரம்போல் இது விரைந்து பயன் தருவதன்று. மண்ணை இளக்கி, ஈரத்தைத் தாங்கச் செய்து, சத்தினைச் சிறிது சிறிதாக வேருக்கு அளிப்பதே இதன் இயல்பு. ஆகவே பொறுமை வேண்டும்.

மாடியில் துளசியும் கறிவேப்பிலையும் நந்தியாவட்டையும் இவ்வுரத்தில் செழிக்கும். பூசைக்குரிய மலர் நேற்றைய காய்த் தோலிலிருந்து மலர்வதைக் குழந்தைகள் கண்ணால் காண்பர். சருகு மூடும் பொறுப்பை அவர்களிடமே விடுவோம். உயிர்களிடத்துக் கவனம் என்னும் பாடத்தை அவர்கள் கையாலேயே கற்றுக்கொள்ளட்டும்.