கூட்டத்தில் ஒரு டார்ச் விளக்கு

செல் படம் வரைந்து பாகம் குறிக்கச் சொன்னால் நாம் எல்லோரும் வரைந்துவிடுவோம். ஆனால் நம்ம படத்தில் எதுவும் நகராது. உயிருள்ள செல்லில் புரதங்கள் அப்படியா சும்மா இருக்கும்? ஒரே ஒரு புரதம் எங்கே போகுதுன்னு எப்படிப் பார்ப்பது?

ராத்திரி திருவிழாக் கூட்டத்தில் தம்பி கையில் டார்ச் கொடுத்துவிட்டால், அவன் முகம் தெரியாவிட்டாலும் வெளிச்சத்தை வைத்து அவனைக் கண்டுபிடிக்கலாம். விஞ்ஞானிகள் செய்வதும் இதுதான். அந்த டார்ச்சின் பெயர் குவாண்டம் புள்ளி.

இது சில நானோமீட்டர் அளவுள்ள படிகத் துகள். பெரும்பாலும் உள்ளே காட்மியம் செலினைடு, மேலே துத்தநாக சல்ஃபைடு உறை. புற ஊதா ஒளி பட்டால் ஒளிரும். ஆச்சரியம் என்னவென்றால், பொருள் ஒன்றேதான், அளவு மாறினால் நிறம் மாறும்! சின்னது நீலம், பெரியது சிவப்பு.

இதைப் புரதத்தில் எப்படி ஒட்டுவது? குறிப்பிட்ட புரதத்தை மட்டும் பிடிக்கும் எதிர்ப்பொருளைத் துகளோடு இணைத்துவிடுவார்கள். சாதாரண சாயங்கள் சில நொடிகளில் மங்கிவிடும். இது பல நிமிடம் ஒளிரும்.

2003-ல் பிரான்ஸ் விஞ்ஞானிகள் தண்டுவட நரம்புச் செல்களில் கிளைசின் ஏற்பி என்ற புரதத்தை இப்படிப் பின்தொடர்ந்தார்கள். தசைக்குப் போகும் நரம்புகளை அடக்கி வைக்க உதவும் புரதம் இது. எட்டிக்கொட்டை விஷம் இதைத்தான் தடுக்கிறது, அதனால்தான் வலிப்பு வருகிறது. அந்தப் புரதம் ஓரிடத்தில் நிற்கவில்லை. செல்சவ்வில் அலைந்து திரிந்து, சினாப்ஸுக்குள் நுழைவதைக் கண்டார்கள்!

குறையும் உண்டு. காட்மியம் நச்சு. தவிர, எதிர்ப்பொருளும் சேர்ந்தால் துகள் புரதத்தைவிடப் பெரிதாகலாம். ஆட்டின் கழுத்தில் மணி கட்டலாம், உரலைக் கட்டினால் ஆடு இயல்பாக நடக்குமா? அதனால் இன்னும் சின்னதா, நச்சு இல்லாததா செய்ய முயல்கிறார்கள்.

குவாண்டம் புள்ளிகளைக் கண்டுபிடித்து உருவாக்கியதற்காக எகிமோவ், புரூஸ், பவெண்டி மூவருக்கும் 2023-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

அடுத்த முறை செல் படம் வரையும்போது ஒன்றை மட்டும் மறக்காதீங்க: நாம் வரைவது ஒரு நொடியின் போட்டோதான். நிஜச் செல் ஓடிக்கொண்டே இருக்கும் சினிமா!