உழைப்பும் ஓய்வும்

சென்னைக் கடற்கரையிலிருந்து மின்சார இரயிலில் வருவோர், தாம்பரத்திற்கு முந்திய நிலையத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம் என்றிருக்கக் காண்பர். டாக்டர் டேவிட் சௌரிமுத்து என்பார் 1928ஆம் ஆண்டில் அங்கு நிறுவிய காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர் அது. காசத்தை ஒழிக்கும் மருந்துகள் தோன்றாத அந்நாளில், தூய காற்று, நல்லுணவு, ஓய்வு ஆகிய மூன்றுமே மருந்தாக விளங்கின.

அந்நிலையத்தின் அருகிலேயே 1984ஆம் ஆண்டில் மெப்ஸ் எனப்படும் ஏற்றுமதி வளாகம் அமைந்தது. 2000ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா எழுந்தது. பின்னர்ச் சோழிங்கநல்லூர், சிறுசேரி முதலிய இடங்களிலும் கணிப்பொறி நிறுவனங்கள் பெருகின. உழவர் வீட்டுப் பிள்ளைகளும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் அவற்றில் பணி பெற்றுத் தம் குடும்பத்தை உயர்த்தினர். இந்நன்மையை நாம் மறத்தல் ஆகாது.

ஆயினும், இந்நன்மையோடு ஒரு தீமையும் உடன் வந்தது. நமக்கு இரவு தொடங்கும் வேளையில் அமெரிக்காவில் பொழுது விடிகின்றது. அந்நாட்டார்க்காகப் பணிபுரிவோர், ஊர் உறங்கும்போது விழித்திருக்க வேண்டியவராகின்றனர். அலுவலகத்தை விட்டு நீங்கினாலும் கைப்பேசி வழியே வேலை அவர்களைத் தொடர்கின்றது. நாளடைவில் உடல் சோர்கின்றது, விரும்பி ஏற்ற தொழிலில் வெறுப்புத் தோன்றுகின்றது, செயல்திறனும் குன்றுகின்றது. இம்மூன்றும் கூடிய நிலையை, தணிக்கப்படாத பணியழுத்தத்தால் விளைவது என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2019ஆம் ஆண்டில் வரையறுத்தது. வாரத்திற்கு 35 முதல் 40 மணி நேரம் உழைப்பாரைவிட, 55 மணியும் அதற்கு மேலும் உழைப்பார்க்குப் பக்கவாத நோய் வரும் வாய்ப்பு 35 விழுக்காடு மிகுதி என்று அந்நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் நிறுவனமும் 2021இல் அறிவித்தன.

எட்டு மணி நேர வேலை என்பது எளிதிற் கிடைத்த பேறன்று. 1918ஆம் ஆண்டில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது, ஆலைத் தொழிலாளர்க்கு உணவு உண்ணவும் போதிய இடைவேளை இல்லை. 1919ஆம் ஆண்டில் பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு நாளொன்றுக்கு எட்டு மணி என வரம்பு கட்டியது. 1923ஆம் ஆண்டு மே முதல் நாளில், சிங்காரவேலர் சென்னையில் தொழிலாளர் திருநாளைக் கொண்டாடினார். நூறாண்டு கழிந்து, 2023ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில், தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடந்தரும் சட்டத் திருத்தம் தமிழ்நாட்டில் நிறைவேறியது. எதிர்ப்பு எழவே, அது திரும்பப் பெறப்படுவதாக மே முதல் நாளில் அறிவிக்கப்பட்டது. முன்னோர் தேடித் தந்த உரிமையைப் பின்னோரும் விழித்திருந்து காத்தல் வேண்டும் என்பதற்கு இதுவே சான்று.

ஓய்வை விரும்புதல் சோம்பல் ஆகாதோ என நீங்கள் வினவலாம். ஆகாது. மடியின்மை என ஓர் அதிகாரம் வகுத்த திருவள்ளுவரே, வலியறிதல் என மற்றோர் அதிகாரமும் வகுத்துள்ளார். சோம்பலைக் கடிதல் எத்துணை இன்றியமையாததோ, தன் ஆற்றலின் எல்லையை அறிதலும் அத்துணை இன்றியமையாததே. சோம்பன் உழைக்குமுன்னரே ஓய்வை நாடுகின்றான். உழைப்பாளியோ மறுநாள் உழைத்தற்பொருட்டு ஓய்வு கொள்கின்றான்.

மாணவர்களே! நாளை உங்களுள் பலர் இந்நிறுவனங்களிற் பணியாற்றுவீர்கள். சிலர் பிறரிடம் வேலை வாங்கும் தலைமையும் பெறுவீர்கள். அன்று, கடமையை வழுவாது செய்யுங்கள்; இயலாதபோது இயலாது எனக் கூற அஞ்சாதீர்கள்; உங்கள்கீழ்ப் பணிபுரிவார் உரிய நேரத்தில் வீடு திரும்புதற்கும் வழி செய்யுங்கள். இன்றிரவு உங்கள் தமையனாரோ தமக்கையாரோ பணி முடிந்து களைத்து வருவாராயின், அவருக்கு உணவிட்டு, சிறிது நேரம் அமைதியாக உறங்க விடுங்கள். அதுவும் ஒரு மருந்தே.