திரையில் ‘விவரம் இல்லை’ என்று வந்தால்…

தாத்தா காலத்துப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, முதல்முறையாக இணையத்தில் பட்டா பார்க்க உட்காருகிறீர்கள். மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண். ரெண்டு நிமிஷ வேலைதானே என்று தோன்றும். பத்து நிமிடம் கழித்து, ‘விவரம் இல்லை’ என்று மூன்றாவது முறை வரும்போது நெஞ்சு படபடக்கும். “அப்போ நிலம் நம்ம பேர்ல இல்லையா? யாராவது மாத்திட்டாங்களா?”

கொஞ்சம் பொறுங்கள். இது உங்களுக்கு மட்டும் வருவதில்லை. தகவல் தேடுபவர்களின் மனநிலையை 1980-களிலிருந்து ஆராய்ந்தவர் அமெரிக்கப் பேராசிரியர் கேரல் குல்தாவ். முதலில் தயக்கம், எதைத் தேடுவது என்று முடிவானதும் உற்சாகம், தேடத் தொடங்கிய பிறகு குழப்பமும் சந்தேகமும் என்று மனம் மாறுவதை அவர் கண்டார். அவர் முதலில் கவனித்தது நூலகத்தில் கட்டுரைக்குத் தேடிய பள்ளி மாணவர்களை. நம் விஷயம் சொத்து. பயம் கூடத்தான் செய்யும்.

ஆனால் அந்த வாசகத்துக்கு, ‘நீங்கள் கொடுத்த விவரத்தோடு பொருந்தும் பதிவு கிடைக்கவில்லை’ என்பது மட்டுமே பொருள். நிலம் உங்களுடையதா இல்லையா என்று அது தீர்ப்புச் சொல்லவில்லை.

உங்கள் பத்திரத்தில் ‘தென்னார்க்காடு மாவட்டம்’ என்று இருக்கலாம். அந்த மாவட்டம் 1993-இல் கடலூர், விழுப்புரம் எனப் பிரிந்தது. 2019-இல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. ஆக, நிலம் இடம் மாறாமலே மாவட்டம் இரண்டு முறை மாறியிருக்கலாம். ஊர்ப் பெயரும் அப்படித்தான். நாம் பேச்சில் சொல்வது குக்கிராமத்தின் பெயர். பட்டியலில் இருப்பது வருவாய் கிராமம். “எங்க ஊரே லிஸ்ட்ல இல்லைங்க” என்று பலர் எழுந்துபோவது இந்த இடத்தில்தான். பழைய பட்டா ரசீதையோ வரி ரசீதையோ பார்த்தால் வருவாய் கிராமத்தின் பெயர் தெரிந்துவிடும். சர்வே எண்ணும் பழையதாக இருக்கலாம், யு.டி.ஆர். அளவீட்டில் பல கிராமங்களில் எண்கள் மாறின. இன்னொன்று, 45/2ஏ என்பதை அப்படியே ஒரே கட்டத்தில் போடக் கூடாது. 45 என்பது புல எண், 2ஏ உட்பிரிவு.

புதியவர்கள் செய்வது என்ன? அதே எண்ணைத் திரும்பத் திரும்ப அடிப்பார்கள். அப்புறம் “எனக்கு இதெல்லாம் வராது” என்று போனை யாரிடமாவது, சில நேரம் தரகரிடமே, கொடுத்துவிடுவார்கள். அதற்குப் பதில் ஒரு தாளை எடுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு விவரத்தை மாற்றி, எதைப் போட்டீர்கள், என்ன வந்தது என்று எழுதுங்கள். அப்படியும் கிடைக்காவிட்டால் அந்தத் தாளையும் பத்திரத்தையும் கிராம நிர்வாக அலுவலரிடம் கொண்டுபோங்கள். எங்கே தவறுகிறது என்று அவர் பார்த்துச் சொல்ல அது உதவும்.

பட்டா கிடைத்து, அதில் இன்னும் தாத்தா பெயரே இருந்தால் அதற்கும் பதற வேண்டாம். அது பட்டா மாறுதல் விண்ணப்பத்துக்கான வேலை.